டம்ளரும் சோடாவும் மட்டும்தானே கொடுக்கிறோம்?

மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரைப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

வயது 38. கணவர் சிங்கப்பூரில் உழைத்துத் திரும்பியவர். சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்துப் பூர்வீக இடத்தில் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். கீழே நாற்பது பேர் உட்காரும் உணவகம், மேலே 8 அறைகள். வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் போகிறவர்கள், திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வருகிற குடும்பங்கள், தரங்கம்பாடிக் கோட்டை பார்க்க வருகிற பயணிகள் என ஓரளவு வியாபாரம் நடக்கிறது. மாலையில் வேறு வகைக் கூட்டம். காரைக்காலில் பாட்டில் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் பின்பக்கக் கொட்டகையில் உட்காருகிறார்கள். இவர்கள் டம்ளர், சோடா, ஐஸ், வறுத்த மீன் கொடுத்து, மேசைக்கு 100 ரூபாய் 'சர்வீஸ்' வாங்குகிறார்கள். கட்டடம், கடன், உணவு உரிமம் எல்லாம் சகோதரியின் பெயரில்.

போன மாதம் போலீஸார் வந்து இரண்டு பாட்டில்களை எடுத்துச் சென்றிருக்கிறார்கள். கணவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர் படிக்கவில்லை. அதன்பின் வந்த ஒரு தரகர், 'பார் லைசென்ஸ் வாங்கித் தருகிறேன், 18 லட்சம், மேலே கொடுக்க வேண்டியதும் அதில் அடக்கம்' என்று சொல்லி, முன்பணமாக 1 லட்சத்தை ஜிபேயில் வாங்கிக்கொண்டார். லைசென்ஸ் கிடைக்காவிட்டால் 'மனமகிழ் மன்றம்' (கிளப்) ஆரம்பிக்கலாம், அதுவும் முடியாவிட்டால் கொட்டகையை டாஸ்மாக்குக்கு வாடகைக்கு விட்டு பாரை நீங்களே நடத்தலாம் என்பது அவருடைய யோசனை. 'பெங்களூரில் என் சித்தி மகன் சாதாரண ஹோட்டலிலேயே பார் வைத்திருக்கிறான், காரைக்காலில் தெருவுக்குத் தெரு இருக்கிறது, நமக்கு மட்டும் ஏன் இல்லை? நாங்கள் ஒரு சொட்டுகூட விற்கவில்லையே, பிறகு எப்படிக் குற்றம்?' என்று சகோதரி கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: 'பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் மாலையில் கல்லாவில் உட்காருவாள். அந்த நேரத்தில் அவர்கள் உள்ளே வரும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது.'

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கு ஏற்பட்ட சங்கடம் சரியானது, சட்டமும் அதே பக்கம்தான் நிற்கிறது. இந்தப் பதிலைப் படித்த அன்றே கொட்டகையை மூடிவிடுங்கள். மற்ற யோசனைகளையெல்லாம் அதன் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

விற்காவிட்டாலும் பொறுப்பு உண்டு

உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது. மது விற்பது மற்ற வியாபாரங்களைப் போன்றது, கட்டணம் கட்டினால் அனுமதி கிடைக்கும், அனுமதி தாமதமானால் பெரிய தவறில்லை என்று நினைக்கிறீர்கள். தமிழ்நாட்டில் நிலைமை நேர்எதிர். இங்கே நடப்பில் இருப்பது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி அரசு அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது பிறந்த சட்டம் அது. 1971இல் தளர்த்தினார்கள், 1974இல் மறுபடி இறுக்கினார்கள், 1981இல் மீண்டும் கடைகளைத் திறந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் சட்டத்தின் அடிப்படை மாறவில்லை. மதுவை வைத்திருப்பது, விற்பது, வாங்குவது, குடிப்பது எல்லாமே தடைசெய்யப்பட்டவை. விதிகளும் உரிமங்களும் எங்கே விலக்குத் தருகின்றனவோ அங்கே மட்டும் அவை குற்றமாவதில்லை. டாஸ்மாக் கடையே அப்படியொரு விலக்கில்தான் நடக்கிறது.

இதை மனதில் வைத்து உங்கள் கொட்டகையைப் பாருங்கள். அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, விற்கிறவரை மட்டும் பிடிப்பதில்லை. தன் பொறுப்பில் உள்ள இடத்தில் தடைசெய்யப்பட்ட செயல்களை நடக்க அனுமதிப்பவரையும் பிடிக்கிறது. டம்ளர் கொடுத்து, ஐஸ் கொடுத்து, மேசைக்குக் காசும் வாங்கினால், 'எனக்குத் தெரியாமல் நடந்தது' என்று சொல்ல வழியில்லை. அந்த 100 ரூபாய்தான் உங்களுக்கு எதிரான பெரிய சாட்சி. பில் புத்தகத்தில் 'சர்வீஸ்' என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம்.

காரைக்கால் பாட்டில் என்பது தனிச் சிக்கல். 21 வயது நிறைந்த ஒருவர் சொந்த உபயோகத்துக்கு 4.5 லிட்டர் வரை இந்தியத் தயாரிப்பு மதுவகைகளும், 7.8 லிட்டர் வரை பீரும், 9 லிட்டர் வரை ஒயினும் வைத்திருக்கத் தமிழ்நாட்டு விதி இடம் தருகிறது. இந்த அளவைக் கேள்விப்பட்டு, 'இரண்டு பாட்டில்தானே' என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்தச் சலுகையை நம்பி எல்லை தாண்டிய சரக்கைக் கொண்டுவர முடியாது. காரைக்கால் அடங்கிய புதுச்சேரிக்கு 1970ஆம் ஆண்டின் தனி ஆயத்தீர்வை (மது மீதான வரி) சட்டம் இருக்கிறது. அங்கே வரி கட்டி விற்ற பாட்டில், எல்லையில் உள்ள நண்டலாற்றைத் தாண்டி அனுமதியில்லாமல் வந்தால் இங்கே கடத்தல் சரக்கு. அதை உங்கள் மேசையில் வைத்து ஊற்றிக் குடிக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டிலில் இருப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியாது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்த மாதமே சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளை உயர்த்தியது. யாரோ கொண்டுவந்த சரக்கைக் குடித்து உங்கள் கொட்டகையில் ஒருவர் சாய்ந்துவிட்டால், போலீஸ் முதலில் தேடப்போவது உணவு உரிமத்தில் பெயர் உள்ளவரை. அது நீங்கள்.

அறையில் தங்குகிற விருந்தினர் தன் பையில் கொண்டுவந்ததைக் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொருவர் பையையும் சோதிக்கிற கடமை உங்களுக்கு இல்லை. 'வெளிமாநில மது கொண்டுவரக் கூடாது, உணவகத்திலும் பொது இடத்திலும் மது அருந்தக் கூடாது' என்று வரவேற்பறையில் பலகை வையுங்கள், தங்கும் பதிவேட்டில் அதே வாசகத்தின் கீழ் கையெழுத்து வாங்குங்கள். அறைக்குச் சோடா, ஐஸ் அனுப்புவதையும், பாட்டில் வாங்கிவரப் பையனை அனுப்புவதையும் நிறுத்திவிடுங்கள்.

பெங்களூரில் முடிகிறதே என்றால்

மதுபானம் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கர்நாடகத்தில் உணவகத்துடன் கூடிய பாருக்கு சி.எல்.9, தங்கும் விடுதிக்கு சி.எல்.7, நட்சத்திர விடுதிக்கு சி.எல்.6ஏ என்று வகைகள் உண்டு. உங்கள் சித்தி மகன் வைத்திருப்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். அங்கும் அது சுலபமாகக் கிடைப்பதல்ல. 1992 முதல் புதிய சி.எல்.9 உரிமங்களை நிறுத்தி வைத்திருந்ததால் பழையவையே பெரிய விலைக்குக் கைமாறின. கேரளத்தில் 2014இல் ஐந்து நட்சத்திரத்துக்குக் குறைந்த விடுதிகளின் பார்களை மூட அரசு முடிவெடுத்தது. விடுதிக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015 டிசம்பரில் நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது. 2017இல் வந்த புதிய கொள்கை மூன்று நட்சத்திரம் முதல் மறுபடி அனுமதித்தது. இடையில் கடனோடு காத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். மது வியாபாரம் யாருக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் 1994இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அரசு கொள்கையை மாற்றினால், முதலீடு போட்டவருக்கு நஷ்டஈடு கேட்கப் பெரிதாக இடமில்லை.

தமிழ்நாட்டில் தனி உணவகம் பீரோ ஒயினோ பரிமாறுவதற்கென ஓர் உரிம வகையே கிடையாது. சென்னையின் பெயர்பெற்ற பப்புகள் நட்சத்திர விடுதிக் கட்டடங்களுக்குள் இருப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் உணவகத்துக்கு 'பார் லைசென்ஸ்' என்று தரகர் சொன்னபோதே பேச்சு தவறான இடத்தில் தொடங்கிவிட்டது.

எஃப்.எல்.3: உங்களுக்குப் பொருந்துமா?

1981ஆம் ஆண்டின் மதுபான உரிமம் மற்றும் அனுமதி விதிகளில் எஃப்.எல்.2 மன்றங்களுக்கு, எஃப்.எல்.3 நட்சத்திர விடுதிகளுக்கு. சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதிகளுக்கு எஃப்.எல்.3ஏ என்று தனியாக உண்டு. எஃப்.எல்.3 வேண்டுமென்றால் முதலில் நட்சத்திரத் தகுதி வேண்டும். ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் வகைப்பாட்டுக் குழு நேரில் ஆய்வு செய்து அதைத் தரும், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குக் குறைந்தது 10 வாடகை அறைகள் இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பவை 8. மேலும் இரண்டு அறைகள் கட்டினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். தீயணைப்புச் சான்று, கட்டட வரைபட அனுமதி, குளியலறை அளவு, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி என்று பட்டியல் நீளும். அதன் பிறகுதான் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கதவைத் தட்டவே முடியும். கிடைத்தாலும் ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், சரக்கை டாஸ்மாக் வழியாகத்தான் எடுக்க வேண்டும்.

இதையும் தாண்டி ஒரு தடை இருக்கிறது. உங்கள் கட்டடம் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து ஏறத்தாழ 80 மீட்டர் உள்ளே என்று எழுதியிருக்கிறீர்கள். 2016 டிசம்பர் 15 அன்று, தமிழ்நாடு அரசுக்கும் கே. பாலுவுக்கும் இடையிலான வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 பேருக்கு மேற்படாத உள்ளாட்சிப் பகுதிகளில் இந்தத் தூரத்தை 220 மீட்டராகக் குறைத்தது. கடைகளுக்கு மட்டுமல்ல, நெடுஞ்சாலையோர பார்களுக்கும் உணவகங்களுக்கும் பொருந்தும் என்றும் அப்போதே சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் இருப்பவற்றுக்கு விலக்கு வந்தது. 2018 பிப்ரவரியில், நகர்ப்புறம்போல் வளர்ந்த ஊராட்சிகளுக்கும் அந்த விலக்கைத் தரலாமா என்று முடிவெடுக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டது. நீங்கள் இருப்பது சிறிய ஊராட்சி. அரசு தனியாக விலக்குத் தந்தாலொழிய 80 மீட்டர் என்பது தடைக்குள்தான் வருகிறது.

திருக்கடையூர் விசேஷக் கூட்டத்துக்கு 'ஒரு நாள் லைசென்ஸ்' பற்றியும் கேட்டீர்கள். 2023 ஏப்ரலில் நிகழ்ச்சிகளுக்கான சிறப்பு உரிமத்தை அரசு அறிவித்தபோது திருமண மண்டபங்களும் அதில் இருந்தன. எதிர்ப்புக் கிளம்பியதும் மண்டபங்களை நீக்கிவிட்டார்கள். குடும்ப விசேஷத்துக்கு அந்த வழி இல்லை.

மனமகிழ் மன்றம்

தரகர் சொன்னவற்றில் எனக்கு மிகவும் கவலை தருவது இது. எஃப்.எல்.2 என்பது உறுப்பினர்கள் சேர்ந்து, தனி ஒருவரின் லாபத்துக்காக அல்லாமல் நடத்தும் மன்றத்துக்கான உரிமம். மன்றம் சங்கமாகவோ நிறுவனமாகவோ பதிவாகியிருக்க வேண்டும், உறுப்பினர் பதிவேடு உண்மையானதாக இருக்க வேண்டும். வழியில் போகிறவருக்கு வாசலில் அட்டை எழுதிக் கொடுத்து உள்ளே அனுப்புவது விதிமீறல். மாநிலத்தில் எத்தனையோ இடங்களில் பெயருக்கு மன்றம், உள்ளே முழு நேர பார் என்று நடப்பதும், அதை எதிர்த்து ஊர்மக்கள் மனு கொடுப்பதும் நாளிதழ்களில் வந்துகொண்டே இருக்கிறது. தரகர் காட்டும் முன்மாதிரிகள் அவைதான். உங்களைத் தலைவராகவும் கணவரைச் செயலாளராகவும் போட்டு, சொந்தக்காரர்கள் பெயரை உறுப்பினர் பட்டியலில் நிரப்பச் சொல்வார். பிறகு பிரச்சினை வந்தால், மதுவிலக்கு வழக்கோடு பொய் ஆவணம் தயாரித்த வழக்கும் சேரும், அதில் உங்கள் உறவினர்களும் மாட்டுவார்கள். தயவுசெய்து இந்தப் பக்கமே போகாதீர்கள்.

கொட்டகையை டாஸ்மாக்குக்குக் கொடுப்பது

2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். கடையை ஒட்டிய பாருக்குத் தனியாக டெண்டர் விடுவார்கள். இடத்தின் உரிமையாளர் என்பதால் டெண்டர் உங்களுக்கே விழும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. விழுந்தாலும், பார் எடுப்பவருக்குக் கிடைப்பது தின்பண்டம் விற்கும் உரிமையும் காலி பாட்டில் சேகரிக்கும் உரிமையும்தான், மது விற்கும் உரிமை அல்ல. இது பலருக்குத் தெரியாது. தெரியாமல் பாரில் கூடுதல் விலைக்குப் பாட்டில் விற்று வழக்கு வாங்குகிறார்கள். உங்கள் இடத்துக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தூரத்துக்குள் கோயிலோ பள்ளியோ இருந்தால் கடை கூடாது. உங்கள் கடிதப்படி பிள்ளையார் கோயில் 60 மீட்டரில் இருக்கிறது. 2017இல் நெடுஞ்சாலைக் கடைகள் ஊருக்குள் நகர்ந்தபோது எத்தனை ஊர்களில் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பெண்கள்தான் உங்கள் அக்கம்பக்கத்தாரும்.

தரகரும் அந்த 1 லட்சமும்

'மேலே கொடுக்க வேண்டியதும் அடக்கம்' என்ற சொல்லைச் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி லஞ்சம் கொடுப்பதும், கொடுப்பதாக ஒப்புக்கொள்வதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தவருக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு. அவரும் 7 நாட்களுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். எனவே மீதிப் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள், அதில் புதிதாக எதையும் எழுதவும் வேண்டாம்.

முன்பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் கட்டடத்துக்குக் கிடைக்கவே முடியாத உரிமத்தைக் காட்டிப் பணம் வாங்கியது ஏமாற்றுதல். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின் கீழ் புகாருக்கு இடமுண்டு. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதி அதிகாரிகளுக்கு என்று தெரிந்தே கொடுத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னால் உங்கள் நிலை பலவீனமாகும். அதனால் நீங்களே புகார் எழுதிக் கொடுக்க வேண்டாம். மாவட்ட நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் முழு உண்மையையும் சொல்லி, அவர் மூலமாக நோட்டீஸ் அனுப்புங்கள். வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி அங்கே உண்டு.

போலீஸ் வாங்கிய கையெழுத்து

முதலில் வழக்குப் பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கையைத் தேடிப் பார்க்கலாம், வழக்கறிஞர் மூலம் நிலையத்திலும் கேட்கலாம். பதிவாகியிருந்தால் முன்ஜாமீன் தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். பதிவாகவில்லை என்றாலும், மறுபடி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். எடுத்துச் செல்லும் பொருட்களின் பட்டியலுக்கு நகல் கேளுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும். படிக்காமலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போடக் கூடாது. விசாரணைக்கு நோட்டீஸ் வந்தால் போகாமல் இருக்கக் கூடாது. விதிவிலக்கான சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் பெண்ணைக் கைது செய்ய முடியாது. அப்படி ஒரு சூழ்நிலை என்றாலும் பெண் காவல் அதிகாரி எழுத்துப்பூர்வ அறிக்கையோடு மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி பெற வேண்டும். இரவில் யாராவது மிரட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

வருமானம் குறையுமே என்கிற பயம் உங்களுக்கு இருக்கிறது. கடன் தவணையை நினைத்துத்தான் அப்படி எழுதினீர்கள் என்று புரிகிறது. மேசைக்கு 100 ரூபாயும் சோடாவும் வறுவலுமாக மாலையில் எவ்வளவு வருகிறது என்று ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். அந்தக் கூட்டத்தால் எத்தனை குடும்பங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு வராமல் போகின்றன என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பெரியவர்களையும் குழந்தைகளையும் அழைத்து வருகிறவர்கள். பின்பக்கம் சத்தம் கேட்கும் விடுதியில் அவர்கள் இரண்டாம் முறை தங்க மாட்டார்கள். கொட்டகையைச் சுத்தம் செய்து, விசேஷக் குடும்பங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் பந்தி இடமாக மாற்றிப் பாருங்கள். தவணை இடிக்கிறது என்றால் வங்கியில் தவணைக் காலத்தை நீட்டித்துக் கேளுங்கள். வாராக் கடன் ஆவதற்கு முன் கேட்டால் வங்கிகள் காதுகொடுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் கணவருக்கு நட்சத்திர விடுதி ஆசை விடவில்லை என்றால், அதைத் தரகர் வாயால் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் ஆயத்தீர்வைப் பிரிவுப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மூன்று கேள்விகள் கேட்டு மனு அனுப்புங்கள்: எஃப்.எல்.3க்கு இன்றைய தகுதி நிபந்தனைகள் என்ன, கட்டணம் எவ்வளவு, எங்கள் ஊராட்சி நெடுஞ்சாலைத் தடையிலிருந்து விலக்குப் பெற்ற பகுதியா. 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் கையில் வரும்வரை அறை கட்டவோ கூடுதல் கடன் வாங்கவோ வேண்டாம்.